பனிப்புயலுக்கு முன் வீடு போய்ச் சேர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அன்று காலையிலிருந்தே எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் பனியே விழாத ஊர்களில் வண்டி ஓட்டக் கற்றவர்கள். நன்றாக ஓட்டக்கூடியவர்கள்தான், ஆனால் பனி புதிது, அதனால் சந்தேகங்களும் ஒரே மாதிரி இருக்கும். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். பனிச்சாலையில் ஓட்டும் திறமையைவிடக் கிளம்பும் நேரம்தான் பெரிது என்பது என் உறுதியான கருத்து, அதனால் நேரம் பற்றிய கேள்விகள் முதலில்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் புயல்னு போட்டிருக்கு. நாலு மணி நேரப் பயணம். ரெண்டு மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்ல?

இருக்காது. அந்த நாலு மணி நேரம் காய்ந்த சாலைக்கு மேப் போடும் கணக்கு. ஆறு மணி என்பதும் உறுதியான ஆறு மணி அல்ல. முன்னறிவிப்பு இரண்டு மூன்று மணி நேரம் முன்னே பின்னே நகர்வது சாதாரணம், முன்னே நகர்ந்துவிட்டால் நீங்கள் நடுவழியில் இருப்பீர்கள்.

நான் கணக்குப் போடுவது இப்படி. பயண நேரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள், அப்புறம் புயல் தொடங்குவதாகச் சொன்ன நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வீட்டில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் பயணத்துக்கு ஆறு மணி நேரம், போய்ச் சேர வேண்டியது பிற்பகல் மூன்று மணிக்கு, ஆகக் காலை ஒன்பது மணிக்கே வண்டி நகர்ந்திருக்க வேண்டும். ஒன்பது தாண்டிவிட்டது என்றால் எப்படி வேகமாகப் போவது என்று யோசிக்காதீர்கள், இன்று போகத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று, அந்த ஆறு மணி எந்த ஊருக்கு? கிளம்பும் ஊர், நடுவழி, வீடு மூன்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். புயல் வரும் திசையை நோக்கியே நீங்கள் ஓட்டினால் இரண்டு பேரும் எதிரெதிரே வருகிறீர்கள் என்று அர்த்தம், சந்திப்பு சீக்கிரமே நடந்துவிடும்.

ஆபீஸ்ல மதியம் விட்டுடுவாங்க. பனி விழுறதுக்கு முன்னாடியே எல்லாரும் போயிடலாமே?

எல்லாரும் என்று சொன்னீர்களே, அங்கேதான் சிக்கல். 2014 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் அட்லான்டா நகரில் விழுந்தது ஏறக்குறைய 2 அங்குலப் பனிதான், 5 செ.மீ. சொச்சம். ஆனால் பள்ளி, அலுவலகம், கடை என எல்லாம் நண்பகலை ஒட்டி ஒரே நேரத்தில் மக்களை வெளியே அனுப்பின. சாலைகள் அப்படியே அடைத்துக்கொண்டன, வண்டிகள் நகராததால் உப்பு தூவும் லாரிகளும் நகர முடியவில்லை, நின்ற வண்டிகளுக்கு அடியிலேயே பனி ஐஸாக இறுகியது. ஆயிரக்கணக்கானவர்கள் இரவு முழுக்க நெடுஞ்சாலையில் கிடந்தார்கள், பல பிள்ளைகள் பள்ளியிலேயே தூங்கினார்கள்.

அதனால் காலையிலேயே கிளம்ப முடியுமா, வீட்டிலிருந்தே வேலை செய்ய முடியுமா என்று முந்தைய நாளே மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். மதியம்தான் வழி என்றால் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் பக்கத்தில் தங்க ஓர் இடம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

எச்சரிக்கையிலேயே ஏகப்பட்ட வகை இருக்கே. எதுக்குப் பயப்படணும்?

பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் வாட்ச் என்றால் வாய்ப்பு இருக்கிறது, தயாராகுங்கள் என்று பொருள். வார்னிங் என்றால் வந்துகொண்டே இருக்கிறது அல்லது வந்துவிட்டது. ஐரோப்பாவில் பல நாடுகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறத்தால் சொல்கின்றன. எந்த முறையாக இருந்தாலும், முதல் நிலை அறிவிப்பு வரும்போதே பயணத்தை முன்னால் தள்ளுவதா, பின்னால் தள்ளுவதா என்று முடிவெடுங்கள். கடைசி நிலை வந்தபின் முடிவெடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

எத்தனை செ.மீ. பனி என்பதை மட்டும் பார்க்காதீர்கள், காற்றையும் பாருங்கள். அமெரிக்க வானிலைத் துறையின் கணக்கில் பிளிசார்ட், அதாவது கடும் பனிப்புயல், என்பதற்குப் பனியின் அளவே நிபந்தனை இல்லை. மணிக்கு 56 கி.மீ.க்கு மேல் காற்று, 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலை, இவை 3 மணி நேரம் நீடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பினாலே போதும். காற்றில்லாமல் விழும் 15 செ.மீ. பனியைவிடக் காற்றோடு வரும் 5 செ.மீ.க்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

ரேடார் ஆப்ல புயல் இன்னும் ரொம்ப தூரத்துல இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே போனா போதாதா?

ரேடார் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ரேடார் கற்றை தூரம் போகப் போகத் தரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும், அதனால் நிலையத்திலிருந்து தள்ளி இருக்கும் இடங்களில் தாழ்வான மேகத்திலிருந்து விழும் பனி அதில் தெரியாமலே போகலாம். திரை சுத்தமாக இருக்கும், கண்ணாடியில் பனி விழுந்துகொண்டிருக்கும். வழியில் உள்ள ஊர்களின் சாலைக் கேமராக்கள் இணையத்தில் கிடைத்தால் கிளம்பும் முன் அவற்றைப் பாருங்கள், சாலை கறுப்பாக இருக்கிறதா, பளபளக்கிறதா, வெளுத்துவிட்டதா என்று நேரிலேயே தெரியும். ஓட்டும்போது பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை, நீங்கள் சாலையைப் பாருங்கள்.

வெறும் மழைதான் பெய்யுது, ரெண்டு டிகிரி காட்டுது. உறையுற குளிர் இல்லையே?

எனக்கு அதிகம் கவலை தருவது இந்தக் கேள்விதான். வண்டி காட்டுவது காற்றின் வெப்பநிலை, சாலையுடையது அல்ல. பாலங்களுக்கு மேலேயும் கீழேயும் குளிர்காற்று வீசுவதால் அவை மற்றச் சாலைக்கு முன்பே உறைந்துவிடும். காற்று வறண்டிருந்தால் விழும் துளிகள் ஆவியாகிச் சுற்றியுள்ள சூட்டையும் எடுத்துக்கொள்ளும், 3 டிகிரியில் இருந்த இடம் கொஞ்ச நேரத்திலேயே 0-க்கு வந்துவிடும். மேலே சூடான அடுக்கும் தரையில் உறைகுளிரும் இருந்தால் மழைத்துளி திரவமாகவே வந்து தொட்ட இடத்தில் ஐஸாகிவிடும். அதில் எந்த வண்டியும் நிற்காது.

சாலை ஈரமா, ஐஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னால் போகும் வண்டியின் டயரைப் பாருங்கள். ஈரமென்றால் தண்ணீர் புகையாகத் தெறிக்கும். சாலை ஈரமாகவே தெரிகிறது, தெறிப்பு மட்டும் நின்றுவிட்டது என்றால் அது ஐஸ். அதே நேரத்தில் உங்கள் டயர் சத்தமும் சட்டென்று அடங்கிவிடும், ஸ்டீயரிங் லேசாகத் தோன்றும். பக்கக் கண்ணாடியின் ஓரத்திலும் வைப்பர் நுனியிலும் மெல்லிய ஐஸ் படிகிறதா என்று பாருங்கள், அங்கே படிந்தால் சாலையிலும் படிகிறது.

முதலில் மழை, அப்புறம் பனி என்று வரும் புயலுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. முன்கூட்டியே தூவும் உப்பை மழை கழுவிவிடும். 2022 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இப்படித்தான் மழையாகத் தொடங்கியதால் சாலைக்கு உப்புக் கரைசல் போட முடியவில்லை, 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகள் 24 மணி நேரத்துக்கும் மேல் நின்றன. மாட்டியவர்களில் டிம் கெய்ன் என்ற செனட்டரும் ஒருவர். உப்புக்கு எல்லையும் உண்டு: −9 டிகிரிக்குக் கீழே போகப் போகச் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது.

எங்க வண்டி நாலு சக்கரமும் இழுக்கும். பயமில்லைதானே?

நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பவும் மேடு ஏறவும் உதவும். நிறுத்த உதவாது. எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, நிறுத்துவது டயரின் பிடிதான். ஐஸில் நிற்கும் தூரம் காய்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு வரை ஆகலாம். பெரிய வண்டிக்காரர்கள் சுலபமாக வேகம் எடுத்துவிடுவார்கள், அந்த நம்பிக்கையில் போய்ப் பள்ளத்தில் இறங்கியும் விடுவார்கள்.

டயருக்குச் செலவழியுங்கள். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், குளிர்கால டயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் பனிக்கென்று சோதிக்கப்பட்டதற்கான அடையாளம். நாலு சக்கரத்துக்கும் ஒரே வகை போட வேண்டும். பள்ளக்கோடுகளின் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் பனியில் அதை நம்பாதீர்கள்.

கிளம்புறதுக்கு முன்னாடி வண்டில என்ன பார்க்கணும்?

எரிபொருள் நிறைய இருக்க வேண்டும், பாதிக்குக் கீழே இறங்கவே விடாதீர்கள். கண்ணாடி கழுவும் நீர் உறையாத வகையாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் தெளித்த நொடியில் கண்ணாடி முழுக்க ஐஸ் படலமாகிவிடும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயர் அழுத்தம் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. குறையும், நிரப்பிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி என்றால் கவனம், −18 டிகிரியில் அதன் சக்தி பாதியாகிவிடும்.

கூரைமேல் இருக்கும் பனியை முழுக்கத் தள்ளிவிடுங்கள். கண்ணாடியில் மட்டும் ஒரு ஓட்டை போல் சுரண்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர், முதல் பிரேக்கிலேயே கூரைப் பனி மொத்தமும் சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும். பறந்து பின்னால் வருபவர்மேல் விழுந்தால் இன்னும் மோசம். கண்ணாடியில் ஐஸ் பிடித்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

கூட என்னென்ன எடுத்துக்கணும்? நாலு மணி நேரப் பயணம்தானே?

நாலு மணி நேரத்துக்காக எடுக்க வேண்டாம், ஓர் இரவுக்காக எடுங்கள். ஆளுக்கொரு போர்வை, கையுறை, தொப்பி, தண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடியது, வழக்கமாகப் போடும் மருந்து, டார்ச், வண்டியில் செருகும் சார்ஜர், சின்ன மண்வாரி, சக்கரத்துக்கு அடியில் போட ஒரு பை மணல். மண்வாரியையும் போர்வையையும் டிக்கியில் வைக்காமல் உள்ளே வையுங்கள், டிக்கி உறைந்து திறக்காமல் போவதுண்டு. காலில் நல்ல பூட்ஸ் இருக்கட்டும். வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து வீட்டுக்கு என்று செருப்போடு ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

குழந்தைக்கு நல்ல தடி ஜாக்கெட் போட்டு சீட்ல கட்டிட்டா குளிராதுல்ல?

குளிராது, ஆனால் பெல்ட் பிடிக்காது. பஞ்சு அடைத்த ஜாக்கெட்டுக்கு மேல் இறுக்கிக் கட்டினாலும் மோதும்போது பஞ்சு நசுங்கி, பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி வந்துவிடும், குழந்தை நழுவிவிடலாம். மெல்லிய உடைகளை அடுக்காகப் போட்டு, பெல்ட்டை உடம்போடு ஒட்டக் கட்டி, அதற்கு மேல் ஜாக்கெட்டையோ போர்வையையோ போர்த்துங்கள். பெரியவர்களும் ஜிப்பைத் திறந்து, இடுப்பு பெல்ட்டை ஜாக்கெட்டுக்கு உள்ளே விட்டுக் கட்டுவது நல்லது.

சீக்கிரம் கிளம்பியும் வழியிலயே பனி பிடிச்சுக்கிச்சு. எப்படி ஓட்டணும்?

முதலில் வேகம். பலகையில் எழுதியிருக்கும் வேகம் நல்ல சாலைக்கானது. உங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும், அதுதான் அளவு. முன் வண்டிக்கும் உங்களுக்கும் எட்டுப் பத்து வினாடி இடைவெளி விடுங்கள், யாராவது நடுவில் புகுந்தால் மறுபடியும் பின்வாங்குங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள், சக்கரம் வழுக்கும்போது அது வேகத்தைக் கூட்டப் பார்க்கும். ஹெட்லைட் தாழ்ந்த ஒளியில் இருக்கட்டும். ஹைபீம் போட்டால் பனித்துகள்களில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசச் செய்யும்.

பனி அள்ளும் வண்டி முன்னால் போனால் அதை முந்தவே முந்தாதீர்கள். அதற்குப் பின்னால் உள்ள சாலைதான் அந்த நேரத்தில் இருப்பதிலேயே நல்ல சாலை, முன்னால் இருப்பது யாரும் தொடாத பனி. மெதுவாகப் போகிறதே என்று எரிச்சல் வரும், வரட்டும்.

ஒன்றுமே தெரியாமல் வெளுத்துவிட்டால் ஓட்டுத்தடத்தில் நிற்காதீர்கள். அடுத்த வெளிவழியில் இறங்கிவிடுங்கள். அதுவரை போகவே முடியாவிட்டால் சாலையைவிட்டு எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்துங்கள். உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, ஓடுகிற வண்டி என்று நினைத்துப் பின்னால் வருபவர் தொடர்ந்து வந்து மோதியிருக்கிறார்கள்.

பிரேக் போட்டா கால் அதிருது, கர்ர்ருனு சத்தம் வேற. வண்டி ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, ஏ.பி.எஸ். வேலை செய்கிறது, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம். அழுத்திப் பிடித்துக்கொண்டே போக வேண்டிய பக்கம் திருப்புங்கள், அப்படித் திருப்ப முடிவதற்காகத்தான் அது இருக்கிறது. பின்னால் யாரும் இல்லாத ஒரு காலி இடத்தில், மெதுவான வேகத்தில், முதல் பனி விழுந்ததுமே இதைச் செய்து பார்த்துவிடுங்கள். கால் ஒருமுறை அந்த அதிர்வை உணர்ந்துவிட்டால் அடுத்த முறை பதறாது.

சறுக்கினா எந்தப் பக்கம் திருப்பணும்? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

வண்டியின் மூக்கு எங்கே போக வேண்டுமோ அங்கே பாருங்கள், அங்கேயே திருப்புங்கள். பின்பக்கம் வலதுபுறம் ஓடினால் ஸ்டீயரிங்கை வலதுபுறம் மெல்லத் திருப்ப வேண்டும். வண்டி நேராகத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கையும் நேராக்குங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் சுழலும். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் வந்துவிட வேண்டும். மரத்தையோ கம்பத்தையோ பார்த்துக்கொண்டே இருந்தால் கையும் அங்கேயே போகும்.

முன்சக்கரம் சறுக்கினால், அதாவது எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போனால், இன்னும் அதிகமாகத் திருப்பத்தான் கை போகும். அப்போது திருப்பியதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் உருண்டால்தான் பிடி திரும்பும்.

மின்சார வண்டி வெச்சிருக்கோம். பனியில நடுவழியில நின்னுடுமா?

கணக்குப் போட்டுக் கிளம்பினால் நிற்காது. கடுங்குளிரில் போகும் தூரம் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, சில வண்டிகளில் அதற்கு மேலும் குறையும். சார்ஜரில் இருக்கும்போதே பேட்டரியையும் உள்ளறையையும் சூடாக்கிக்கொண்டு கிளம்புங்கள். வழியில் இருக்கை சூட்டைப் பயன்படுத்தினால் காற்றைச் சூடாக்குவதைவிடக் குறைவாகச் செலவாகும்.

மாட்டிக்கொண்டால் பயப்பட வேண்டியதில்லை. 30 கிலோவாட் மணி மிச்சம் இருந்து, உள்ளறையைச் சூடாக வைக்க ஒரு மணி நேரத்துக்கு 2 கிலோவாட் மணி செலவானால் 15 மணி நேரம் தாங்கும். புகைக்குழாயும் கிடையாது, அதனால் கீழே மாட்டிக்கொள்வது பற்றிய கேள்வியில் வரும் பெரிய ஆபத்து இதில் இல்லை.

பாதி வழி வந்தாச்சு, நிலைமை மோசமாகுது. போறதா, திரும்புறதா?

இதை அந்த நேரத்தில் யோசித்தால் எப்போதும் "போகலாம்" என்றுதான் மனம் சொல்லும், வீடு அந்தப் பக்கம் இருக்கிறதே. அதனால் கிளம்பும் முன்பே வழியில் இரண்டு மூன்று ஊர்களைக் குறித்து வையுங்கள், தங்க இடம் உள்ள ஊர்களாக. ஒவ்வொன்றையும் நெருங்கும்போது அடுத்த ஊர் வரை நல்ல வெளிச்சத்தில், தடக்கோடு தெரிகிற சாலையில் போக முடியுமா என்று மட்டும் கேளுங்கள். சந்தேகம் வந்தால் அங்கேயே இறங்கிவிடுங்கள்.

திரும்புவது எப்போதும் பாதுகாப்பு என்றும் இல்லை. புயல் பின்னாலிருந்து துரத்துகிறது என்றால் திரும்பினால் அதற்குள்ளேயே போவீர்கள், பக்கத்து ஊரில் நிற்பதுதான் சரி. என் பிடிவாதமான விதி ஒன்று உண்டு: சாலையோரத்தில் கவிழ்ந்தோ சறுக்கியோ கிடக்கும் வண்டியைப் பார்த்துவிட்டால் அடுத்த வெளிவழியில் இறங்கிவிட வேண்டும்.

மாட்டிக்கிட்டோம், வண்டி நகரலை. குளிருக்கு எஞ்சினை ஓட விடலாமா?

விட்டு விட்டு ஓட விடலாம், ஆனால் அதற்கு முன் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றி இருக்கும் பனியைத் தோண்டி எடுங்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சினைப் போடும் முன்பு மறுபடி பாருங்கள், பனி விழுந்துகொண்டே இருக்கிறது. குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கம் வந்தால் உடனே எஞ்சினை நிறுத்திக் கதவைத் திறங்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலைநகரில் பனியில் சிக்கிய வண்டிகளில் குறைந்தது 22 பேர் இறந்துபோனார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. குளிரோடு இந்த வாயுவும் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டால் போதும். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். இரவில் எஞ்சின் ஓடும்போது உள்விளக்கைப் போடுங்கள், தேடி வருபவர்களுக்குத் தெரியும். பளிச்சென்ற துணி ஏதாவது இருந்தால் வெளியே கட்டுங்கள். கைகால்களை அசைத்துக்கொண்டே இருங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்க வேண்டாம்.

தூரத்துல வெளிச்சம் தெரியுது. நடந்தே போயிடலாமா?

வேண்டாம். கட்டடம் தெளிவாக, பக்கத்தில், இடையில் மறையாமல் தெரிந்தால் மட்டும் போகலாம். வீசும் பனியில் தூரம் ஏமாற்றும், திரும்பிப் பார்த்தால் வண்டியும் தெரியாது. தேடுபவர்களுக்கு மனிதரைவிட வண்டியைக் கண்டுபிடிப்பது சுலபம்.

வீட்டுல இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் "எங்க இருக்கே"னு ஃபோன். என்ன பண்றது?

கிளம்பும்போதே வழியையும், மேலே சொன்ன நிற்கும் ஊர்களையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். ஒவ்வோர் ஊரிலும் நிறுத்தி நானே பேசுகிறேன், நடுவில் கூப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்ன நேரம் வரை பேச்சில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம், சாப்பாடு ஆறுது" என்று அன்போடுதான் சொல்கிறீர்கள், ஆனால் ஓட்டுகிறவர் காலை அது ஆக்சிலரேட்டரில் அழுத்துகிறது. "நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை, அங்கேயே தங்கிக்கோ" என்று நீங்கள் முதலில் சொன்னால் அவர் நிம்மதியாக நிறுத்துவார்.

ஒருவழியா வந்து சேர்ந்தாச்சு. வண்டியை அப்படியே விட்டுடலாமா?

தெருவில் விடாதீர்கள், பனி அள்ளும் வண்டிக்கு வழி வேண்டும். சமதரை என்றால் கியரில் போட்டு நிறுத்தினால் போதும், ஈரமான ஹேண்ட்பிரேக் இரவில் உறைந்து பிடித்துக்கொள்ளும். வைப்பர்களைத் தூக்கி நிறுத்துங்கள். மறுநாள் காலை ஷெட்டுக்குள் வைத்து எஞ்சினைச் சூடாக்க வேண்டாம், கதவு திறந்திருந்தாலும்கூட. மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொன்ன அதே வாயுதான் அங்கேயும் சேரும். வெளியே எடுத்து நிறுத்திவிட்டுப் பனியைத் தள்ளுங்கள்.